கத்தியும் நேர்த்தியும்: பெரிய சத்திரசிகிச்சையை விசுவாசத்தோடு எதிர்கொள்ள ஒரு பாடம்



சில வருடங்களுக்கு முன் கற்பிட்டிக் குடாநாட்டுக் குடியேற்றம் ஒன்றில் மாலைச் செபம் முடிந்த பின் ஓர் அம்மா என்னுடன் தனியே கதைக்க விரும்பினார். வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, குத்தகைக் காணியில் வெங்காயமும் மிளகாயும் செய்கிற குடும்பம். “சுவாமி, மார்பிலே ஒரு கட்டி இருக்கு. நோவில்லை. தலவில அன்னம்மாளுக்கு நேர்ந்திருக்கிறன். ஆசீர்வதிச்சு விடுங்கோ” என்றார். நான் அவர் தலைமேல் கை வைத்துச் செபித்தேன். தீர்த்தம் கொடுத்தேன். “அன்னம்மாள் கைவிட மாட்டா” என்று சொல்லி அனுப்பினேன். கட்டி எவ்வளவு காலமாக இருக்கிறது என்று கேட்கவில்லை. டாக்டரிடம் காட்டினீர்களா என்றும் கேட்கவில்லை.

அடுத்த ஜூலைத் திருவிழா முடிந்த பின்னரே அவரை மீண்டும் கண்டேன். கட்டி அப்போது புண்ணாகியிருந்தது. வாகனம் பிடித்துக் கொழும்புக்குக் கூட்டிச் சென்றோம். சத்திரசிகிச்சை செய்யக்கூடிய கட்டம் கடந்துவிட்டது என்றார்கள். அவருடைய அடக்கத் திருப்பலியில் பிரசங்கம் வைத்தவனும் நானே. அன்று நான் என்ன பேசினேன் என்பது இப்போது நினைவில் இல்லை. கேட்காமல் விட்ட அந்த இரண்டு கேள்விகள் மட்டும் நினைவில் நிற்கின்றன.

இரண்டு வருடங்களின் பின் அதே குடியேற்றத்தில் இன்னொரு பெண் என்னிடம் வந்தார். வைத்தியசாலையில் பரிசோதித்துப் புற்றுநோய் என்று உறுதியாகச் சொல்லியிருந்தார்கள். மார்பகத்தை அகற்ற நாளும் குறித்திருந்தார்கள். அவருக்கோ வேறொரு கலக்கம். “சுவாமி, கத்தி வைக்காமல் சுகமாக வேணும் எண்டு நேர்ந்திட்டன். இப்ப ஒப்பரேசனுக்கு ஓமெண்டால், நேர்த்தியை முறிச்சதாகாதோ? என்ரை விசுவாசம் குறைஞ்சதெண்டு ஆகாதோ?”

இந்தக் கேள்வி அவருடைய கேள்வி மட்டுமல்ல. நம்மில் பலர் வாய்விட்டுக் கேட்காமல் மனதுக்குள் வைத்திருக்கும் கேள்வி. அதற்கு அன்று நான் கொடுத்த பதிலை விரித்து எழுதுவதே இப்பாடம். உங்கள் சிறு குழுவில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டு, முடிவிலுள்ள கேள்விகளைக் கலந்து பேசுங்கள். இந்த இதழை வாசிக்கும் இஸ்லாமிய, இந்து, பௌத்த அயலவர்களும் தங்கள் விசுவாசத்தின் வெளிச்சத்தில் இதைச் சிந்திக்கலாம். நோய் வீடு பார்த்து வருவதில்லை.

1. நோயைப் பற்றி அறிந்துகொள்வோம்

நம் உடல் நுண்ணிய கலங்களால் ஆனது. பழைய கலங்கள் அழிய, புதியவை ஓர் ஒழுங்கில் உண்டாகின்றன. அந்த ஒழுங்கு கெட்டு, சில கலங்கள் கட்டுப்பாடின்றிப் பெருகி, அயலிலுள்ள இடங்களுக்குள் புகுவதே புற்றுநோய். அது தொற்று நோய் அல்ல. ஒரே கோப்பையில் தேநீர் குடிப்பதாலோ, ஒரே பாயில் படுப்பதாலோ வராது. அது கடவுளின் தண்டனையும் அல்ல. பிறவியிலேயே பார்வையற்ற மனிதனைக் கண்டு, இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது, அவன் செய்ததும் அல்ல, அவன் பெற்றோர் செய்ததும் அல்ல என்ற பொருளில் ஆண்டவர் பதில் சொன்னார் (யோவான் 9). இதை நோயாளியின் முன்னிலையில் குடும்பத்தவர்கள் அடிக்கடி நினைவுகூர வேண்டும்.

இலங்கையில் பெண்களிடையே அதிகம் காணப்படுவது மார்பகப் புற்றுநோய். ஆண்களிடையே வாய்ப் புற்றுநோய் முன்னணியில் நிற்கிறது. வெற்றிலையோடு புகையிலையும் பாக்கும் சேர்த்து மெல்லுவதும், சுருட்டு, பீடி, சிகரெட், மதுபானம் ஆகியவையும் வாய்ப் புற்றுநோய்க்கு முக்கிய காரணங்கள். தோட்டத்தில் நாள் முழுவதும் குனிந்து நிற்கிறவருக்கு ஒரு வாய் வெற்றிலை களைப்பைப் போக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் களைப்பாற்றலுக்குக் கொடுக்கும் விலையும் பெரியது.

கீழ்க்கண்ட அறிகுறிகளை அலட்சியம் செய்யாதீர்கள்:

மார்பிலோ கக்கத்திலோ கட்டி, மார்பின் தோல் குழிவிழுதல், முலைக்காம்பு உள்ளிழுபடுதல், அதிலிருந்து இரத்தம் கசிதல். 

வாயில் மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புப் படை, வாய் திறக்க முடியாமை. 

மூன்று வாரத்துக்கு மேல் நீடிக்கும் குரல் அடைப்பு, உணவு விழுங்கக் கஷ்டம். 

மாதவிடாய் நின்ற பின் இரத்தம் போதல், தாம்பத்திய உறவின் பின் இரத்தம் போதல். 

மலத்தோடு இரத்தம், காரணமின்றி மலம் கழிக்கும் பழக்கம் மாறுதல்.

இவற்றைக் கண்டவுடன் புற்றுநோய் என்று முடிவு கட்டிவிடவும் வேண்டாம். மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்று அல்ல. ஆனால் எது புற்று, எது அல்ல என்பதைப் பரிசோதனைதான் சொல்லும். நம் ஊகம் சொல்லாது. நோவில்லை என்பது நல்ல செய்தியும் அல்ல. மார்பகப் புற்றின் ஆரம்பக் கட்டி பெரும்பாலும் நோவதில்லை. அதனால்தான் ஏமாந்து போகிறோம். 35 வயதைக் கடந்த பெண்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையோடு சேர்ந்த சுகவனிதையர் கிளினிக்குக்குச் சென்று பரிசோதித்துக்கொள்ளலாம். பணம் அறவிடுவதில்லை.

2. “கத்தி பட்டால் பரவும்” என்பது உண்மையா?

இந்தப் பேச்சு நம் ஊர்களில் எங்கும் உண்டு. “அவவுக்குக் கத்தி வைச்சாங்கள், ஆறு மாதத்திலை போயிட்டா” என்று ஓர் உதாரணமும் உடனே காட்டுவார்கள். அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள். எங்கள் மக்கள் வைத்தியசாலைக்குப் போவது பெரும்பாலும் கடைசிக் கட்டத்தில். அப்போது நோய் ஏற்கெனவே ஈரலுக்கோ எலும்புக்கோ பரவியிருக்கும். சத்திரசிகிச்சைக்குப் பின் மரணம் வந்ததும் பழி கத்தியின்மேல் விழுகிறது. உண்மையில் பரவியது கத்தியால் அல்ல, காலதாமதத்தால்.

விவசாயிகளாகிய உங்களுக்கு இதைச் சொல்லி விளக்கத் தேவையில்லை. வெங்காயப் பாத்தியில் கோரை முளைத்த முதல் கிழமையில் கிழங்கோடு தோண்டி எடுத்தால் பாத்தி தப்பும். பிறகு பார்ப்போம் என்று விட்டால், மண்ணுக்குள்ளே கிழங்கு கிழங்காகக் கோர்த்துப் பாத்தி முழுவதும் ஓடிவிடும். பின்னர் மேலால் அறுத்துப் பயனில்லை. சத்திரசிகிச்சை நிபுணர் கட்டியை மட்டும் எடுக்காமல், அதைச் சுற்றியுள்ள நல்ல தசையிலும் ஓரளவு சேர்த்து எடுப்பதும், கக்கத்திலுள்ள நிணநீர் முடிச்சுகளைப் பரிசோதிப்பதும் இதற்காகத்தான். மண்ணுக்குள் கிழங்கு மிஞ்சக் கூடாது. மிஞ்சியிருக்கக்கூடியதை அழிக்கவே கதிர்வீச்சும், ஊசி வழியாகவும் குளிசையாகவும் கொடுக்கும் மருந்துகளும். சிலருக்குக் கட்டியைச் சுருக்குவதற்காக மருந்தை முதலில் கொடுத்துப் பின்னரே சத்திரசிகிச்சை செய்வார்கள். “ஏன் இன்னும் வெட்டவில்லை” என்று கவலைப்பட வேண்டாம். வரிசையைத் தீர்மானிப்பது நோயின் நிலை.

3. விவிலியம் என்ன சொல்கிறது?

எசேக்கியா அரசன் சாகும் தறுவாயில் படுத்திருந்தான். சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பி அழுது செபித்தான். ஆண்டவர் அந்தச் செபத்தைக் கேட்டார். ஆயுளைக் கூட்டித் தருவதாக இறைவாக்கினர் எசாயா மூலம் சொன்னார். கதை அத்தோடு முடியவில்லை. எசாயா அத்திப்பழ அடை கொண்டுவரச் சொல்லி, அரசனின் புண்ணின்மேல் வைத்துக் கட்டச் செய்தார் (2 அரசர் 20). கடவுள் செபத்தைக் கேட்டுவிட்டாரே, மருந்து எதற்கு என்று இறைவாக்கினர் கேட்கவில்லை. செபத்துக்குக் கிடைத்த பதிலோடு மருந்தும் வந்தது.

சீராக் நூலின் 38ஆம் அதிகாரம் இன்னும் தெளிவானது. வைத்தியரைப் படைத்தவர் ஆண்டவரே. மருந்துகளை மண்ணிலிருந்து தருபவரும் அவரே. அறிவுள்ளவன் அவற்றை வெறுக்கமாட்டான் என்று அது போதிக்கிறது. நோயுற்றவன் செபிக்கவும் வேண்டும், மனந்திரும்பவும் வேண்டும், வைத்தியருக்கு இடங்கொடுக்கவும் வேண்டும் என்று இவற்றை ஒரே மூச்சில் சொல்கிறது. வைத்தியரும் கடவுளை மன்றாடுகிறார் என்று அங்கே வாசிக்கிறோம். சத்திரசிகிச்சை மேசையின் இரு பக்கமும் செபம் இருக்கலாம்.

கெத்சமனித் தோட்டத்தில் நம் ஆண்டவர் பயந்தார். தரையில் விழுந்து, இந்தக் கிண்ணம் அகலக்கூடுமானால் அகலட்டும் என்று மன்றாடினார். நண்பர்களைக் கூட இருக்கும்படி கேட்டார் (மாற்கு 14). ஆகவே சத்திரசிகிச்சைக்குப் பயப்படுவது விசுவாசக் குறைவு அல்ல. அழுவதும் அல்ல. “என்னோடு இருங்கோ” என்று கேட்பதும் அல்ல. பயத்தை வாய்விட்டுத் தந்தையிடம் சொல்லி, பிறகு எழுந்து நடப்பதுதான் அவர் காட்டிய விசுவாசம்.

4. மூன்று சாட்சிகள்

புற்றுநோயாளரின் பாதுகாவலராகத் திருச்சபை மதிப்பவர் புனித பெரகிரீன். இத்தாலியின் போர்லி நகரில் வாழ்ந்து 1345இல் இறந்த துறவி. அவருடைய காலில் புற்றுப்புண் வந்து, காலை வெட்டுவதற்கு ஏற்பாடாகியிருந்தது. அதற்கு முந்திய இரவு சிலுவையின் முன் செபித்தார், காலையில் புண் ஆறியிருந்தது என்று மரபு சொல்கிறது. இந்தக் கதையைச் சொல்லிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. கத்தியை ஏற்றுக்கொண்டு காத்திருந்த இரவிலேயே அவர் செபித்தார். வைத்தியரை விட்டு ஓடிப்போய்ச் செபிக்கவில்லை.

இரண்டாவது சாட்சி, குழந்தை யேசுவின் புனித தெரேசாவின் தாய் செலி மார்ட்டின். பிரான்சின் அலோன்சோன் நகரில் நுண்ணிய சரிகைப் பின்னல் தொழில் நடத்தியவர். ஒன்பது பிள்ளைகளைப் பெற்று நால்வரைச் சிறுவயதிலேயே அடக்கம் செய்தவர். தொழில், வீடு, பிள்ளைகளின் நோய் என்று ஓடிக்கொண்டிருந்த நம் தாய்மாரைப் போன்றவர். மார்பிலே தொல்லை இருப்பதை 1865ஆம் ஆண்டளவிலேயே தம் சகோதரனுக்குக் கடிதத்தில் எழுதியிருந்தார். ஆனால் வருடங்கள் ஓடின. 1876 இறுதியில் சத்திரசிகிச்சை நிபுணர் பரிசோதித்தபோது, வெட்டிப் பயனில்லாத அளவுக்கு நோய் முற்றியிருந்தது. 1877 ஜூனில் மூன்று மகள்மாரோடு லூர்து மாதாவிடம் யாத்திரை போனார். அந்தத் தீர்த்தத்தில் மூழ்கி எழுந்தார். சுகம் கிடைக்கவில்லை. அதே வருடம் ஓகஸ்ட் 28ஆம் திகதி இறந்தார். வயது 45. தெரேசாவுக்கு அப்போது நாலு வயது.

2015 ஒக்டோபர் 18ஆம் திகதி திருத்தந்தை பிரான்சிஸ் செலியையும் அவர் கணவர் லூயியையும் புனிதர்களாக அறிவித்தார். யாத்திரையில் சுகம் கிடைக்காத ஒரு பெண்ணைத் திருச்சபை பீடத்தில் ஏற்றியிருக்கிறது. சுகம் கிடைக்காததால் உன் விசுவாசம் குறைவு என்று எவரும் எவருக்கும் சொல்லத் துணியக் கூடாது. அதே வேளை, அவர் காலத்தில் வைத்தியம் மிகக் குறைவு. கதிர்வீச்சும் இல்லை, இன்றைய மருந்துகளும் இல்லை. நமக்கு அவை உண்டு. அவருக்குக் கிடைக்காத வாய்ப்பை நாம் கையிலிருந்து நழுவ விடலாமா?

மூன்றாவது சாட்சியை நம்மில் மூத்தவர்கள் கண்ணாலே கண்டிருக்கிறார்கள். 1995 ஜனவரியில் கொழும்பு காலிமுகத் திடலில் யோசேவாஸ் அடிகளாரை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்திய திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர். அதற்கு இரண்டரை வருடங்களுக்கு முன், 1992 ஜூலை 12ஆம் திகதி ஞாயிறு மூவேளைச் செப வேளையில், தாம் அன்று மாலை வைத்தியசாலைக்குப் போவதாக அவர் மக்களிடம் வெளிப்படையாகச் சொன்னார். தமக்காகச் செபிக்கவும் கேட்டார். 15ஆம் திகதி உரோமை ஜெமெல்லி வைத்தியசாலையில் அவருடைய பெருங்குடலிலிருந்து பெரிய கட்டி ஒன்று அகற்றப்பட்டது. அதன் சில கலங்கள் புற்றாக மாறத் தொடங்கியிருந்தன. அவருக்கு அப்போது வயது 72. அதன் பின் 2005 ஏப்ரல் வரை வாழ்ந்தார்.

இதில் இரண்டு பாடங்கள் உண்டு. அவர் நோயை ஒளிக்கவில்லை. மரியன்னை மீது அவ்வளவு பக்தியுள்ளவர் சத்திரசிகிச்சையை மறுக்கவும் இல்லை. உலக நோயாளர் தினத்தை அவர் ஏற்படுத்தியது அதே வருடம் மே மாதத்தில்தான். மற்ற நோயாளருக்காக நாள் குறித்தவர் இரண்டு மாதத்தில் தாமே நோயாளியாகக் கட்டிலில் படுத்தார்.

5. அப்படியானால் நேர்த்தி என்னாவது?

இப்போது அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருவோம். நேர்த்தி என்பது என்ன? கடவுளுக்கு நாம் சுதந்திரமாகவும் சிந்தித்தும் கொடுக்கும் வாக்கு. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு (இல. 1191) இதற்கு ஒரு நிபந்தனை வைக்கிறது. வாக்களிக்கும் காரியம் செய்யக்கூடியதாகவும், மேலான நன்மையாகவும் இருக்க வேண்டும். தலவிலவுக்கு நடந்து போவேன், ஏழைகளுக்கு அன்னதானம் கொடுப்பேன், வெற்றிலையை விடுவேன் என்பவை நல்ல நேர்த்திகள். “வைத்தியம் செய்யமாட்டேன்” என்பது மேலான நன்மை அல்ல. கடவுள் தந்த உயிரை ஆபத்தில் விடுவது அவருக்கு ஏற்ற காணிக்கை ஆகாது. ஆகவே அது நம்மைக் கட்டும் நேர்த்தியே அல்ல.

மனம் இன்னும் உறுத்துகிறதா? தனிப்பட்ட நேர்த்தியிலிருந்து தகுந்த காரணத்துக்காக விடுவிக்கும் அதிகாரம் பங்குத்தந்தைக்கு உண்டு (இல. 1196). நேர்ந்தவர் தாமே அதைச் சமமான அல்லது மேலான நன்மையாக மாற்றிக்கொள்ளவும் சட்டம் இடந்தருகிறது (இல. 1197). அந்தப் பெண்ணிடம் நான் சொன்னேன்: “தங்கச்சி, நேர்த்தியை முறிக்க வேண்டாம். மாத்துங்கோ. கத்தி வேண்டாம் எண்டதை விட்டிட்டு, கத்திக்குப் போகப் பெலன் தாங்கோ எண்டு கேளுங்கோ. சுகமாகி வந்து அன்னம்மாளிட்டைப் போவம்.” அவர் கன நேரம் பேசாமலிருந்தார். பிறகு, “எப்ப போக வேணும் சுவாமி?” என்று மட்டும் கேட்டார்.

6. சத்திரசிகிச்சைக்கு முன் செய்ய வேண்டியவை

விளங்கிக்கொண்டு கையெழுத்திடுங்கள். சம்மதப் பத்திரத்தில் ஒப்பமிடுமுன் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்: என் நோய் என்ன, எந்த நிலையில் உள்ளது? எதை அகற்றப் போகிறீர்கள்? இதற்கு முன்னோ பின்னோ வேறு சிகிச்சை உண்டா? செய்யாவிட்டால் என்ன ஆகும்? எப்போது மீண்டும் தோட்ட வேலை செய்யலாம்? இவற்றைக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல, உங்கள் உரிமை. சிங்களம் தெரியாவிட்டால் தெரிந்த ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். விளங்காததற்குத் தலையாட்ட வேண்டாம்.

உண்மையைச் சொல்லுங்கள். சாப்பிடும் மருந்துகள், நாட்டு மருந்து, வெற்றிலை, புகை, மதுபானம், நீரிழிவு, இரத்த அழுத்தம், ஒவ்வாமை எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். மயக்க மருந்து கொடுப்பவருக்கு இவை தெரிந்திருக்க வேண்டும். எத்தனை மணியிலிருந்து உணவு, தண்ணீர் கூடாது என்று சொன்னால் அதை அப்படியே கடைப்பிடியுங்கள். பரிவால் யாராவது கொடுக்கும் ஒரு வாய்க் கஞ்சி மயக்கத்தில் சுவாசக் குழாய்க்குள் போய் உயிரையே பறிக்கலாம்.

வீட்டை ஒழுங்குபடுத்துங்கள். கிளினிக் கொப்பி, பரிசோதனை அறிக்கைகள் எல்லாவற்றையும் ஒரே பையில், மழை படாமல் வையுங்கள். புத்தளத்திலிருந்து கொழும்பு ஏறக்குறைய 130 கிலோமீற்றர். மகரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலை அதற்கும் அப்பால். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம் என்றாலும், போக்குவரத்துக்கும் தங்குவதற்கும் பணம் வேண்டும். கதிர்வீச்சுக்குப் பல கிழமைகள் தொடர்ந்து தங்க நேரிடலாம். யாழ்ப்பாணப் பக்கம் உறவினர் உள்ளவர்கள், தெல்லிப்பழைப் புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவில் தொடரலாமா என்று டாக்டரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

நோயிற்பூசுதலைக் கேட்டுப் பெறுங்கள். அது சாகப் போகிறவர்களுக்கு மட்டும் உரியது என்ற எண்ணம் இன்னும் மறையவில்லை. சுவாமி எண்ணெயோடு வாசலில் நின்றால் வீட்டார் ஒப்பாரி வைக்கத் தொடங்குகிறார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பின் 1972இல் புதுப்பிக்கப்பட்ட சடங்கு முறை தெளிவாகச் சொல்கிறது: கடும் நோய் காரணமாகச் சத்திரசிகிச்சைக்குப் போகிறவர் அதற்கு முன்னரே இந்த அருட்சாதனத்தைப் பெறலாம். யாக்கோபு தம் திருமுகத்தின் 5ஆம் அதிகாரத்தில் மூப்பர்களை அழைக்கச் சொன்னது நோயாளிக்குத் திடம் கொடுக்கவே. புறப்படும் முன், முடிந்தால் வீட்டார் எல்லாரும் கூடியிருக்க, இதைப் பெறுங்கள். பாவசங்கீர்த்தனம் செய்து நற்கருணையும் உட்கொள்ளுங்கள். யாரோடாவது மனக்கசப்பு இருந்தால் ஒப்புரவாகுங்கள். பாரம் குறைந்த மனது நல்ல துணை.

7. சத்திரசிகிச்சைக்குப் பின்

விழித்தெழும்போது உடம்பில் குழாய்கள் இருக்கும். மார்பக சத்திரசிகிச்சையின் பின் ஊறும் நீரை வெளியேற்றவும் ஒரு குழாய் சில நாட்கள் இருக்கலாம். பயப்பட வேண்டாம். சொல்லித்தரும் கைப்பயிற்சிகளைத் தவறாமல் செய்யுங்கள். செய்யாவிட்டால் தோள் இறுகிவிடும். கக்கத்து முடிச்சுகள் எடுக்கப்பட்டால் அந்தக் கை பின்னாளில் வீங்கக்கூடும். டாக்டர் அனுமதிக்கும் வரை கிணற்றில் வாளி இழுப்பது, தண்ணீர்க் குடம் தூக்குவது, மண்வெட்டி பிடிப்பது கூடாது. அந்தக் கையில் முள், கத்தி பட்டால் உடனே கழுவி மருந்திடுங்கள். வீக்கமோ சிவப்போ கண்டால் கிளினிக்கில் காட்டுங்கள்.

சிலருக்கு மார்பகம் போகும். சிலருக்குத் தாடையின் ஒரு பகுதியோ நாக்கின் ஒரு பகுதியோ போகும். சிலர் வயிற்றில் பை கட்டி வாழ நேரும். இது பெரிய இழப்பு. “உயிர் தப்பியதே போதும்” என்று சொல்லி அவர்கள் அழுகையை நிறுத்தப் பார்க்காதீர்கள். அழட்டும். உயிர்த்த ஆண்டவரின் உடலிலும் காயத் தழும்புகள் இருந்தன. அவற்றை மறைக்காமல் சீடர்களுக்குக் காட்டினார். தழும்புள்ள உடல் குறைந்த உடல் அல்ல.

கணவன்மாரே, உங்களுக்கு ஒரு வார்த்தை. வைத்தியசாலையிலிருந்து திரும்பும் மனைவி முதலில் பார்ப்பது உங்கள் முகத்தை. நீங்கள் பார்வையைத் திருப்பினால் எந்த மருந்தும் அந்தக் காயத்தை ஆற்றாது. காயத்தைச் சுத்தம் செய்யும் முறையைத் தாதியிடம் நீங்களே கேட்டுப் பழகுங்கள். சோறு ஆக்குங்கள். பிள்ளைகளின் தலையை வாருங்கள். திருமணப் பீடத்தின் முன் இன்பத்திலும் துன்பத்திலும் என்று கொடுத்த வாக்கும் ஒரு நேர்த்திதான்.

காயம் ஆறியதும் கிளினிக்கை நிறுத்திவிடாதீர்கள். வெங்காயம் கிண்டும் காலம் என்று ஒரு தவணையை விட்டால், அது இரண்டாகும், மூன்றாகும். மருந்துகளால் முடி கொட்டும், வாந்தி வரும். பெரும்பாலும் முடி மீண்டும் முளைக்கும்.

8. சுகம் கிடைக்காவிட்டால்

எல்லாச் சத்திரசிகிச்சையும் நோயை முற்றாக மாற்றிவிடாது. இதை மறைத்துப் பேசுவது ஆறுதல் அல்ல. பவுல் அடியார் தம் உடலில் தைத்த முள் நீங்கும்படி மும்முறை மன்றாடினார். முள் நீங்கவில்லை. போதுமான அருள் கிடைத்தது (2 கொரிந்தியர் 12). அத்தகைய நேரத்தில் வலியைப் பொறுத்துக்கொண்டால்தான் புண்ணியம் என்று நினைக்க வேண்டாம். 1957இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், வலியைத் தணிக்க மருந்து பெறுவது விசுவாசிக்கு ஆகும் என்று வைத்தியர்களுக்குத் தெளிவுபடுத்தினார். மோர்பின் முதலிய மருந்துகளை டாக்டர் சொன்ன அளவில் கொடுங்கள். வலி குறைந்தால்தான் நோயாளி பிள்ளைகளோடு பேசவும், நிம்மதியாகச் செபிக்கவும் முடியும்.

9. கட்டிலைத் தூக்கிய நால்வர்

முடக்குவாதக்காரனை நான்கு பேர் தூக்கி வந்து, கூரையைப் பிரித்து, யேசுவின் முன் இறக்கினார்கள். யேசு அவர்களுடைய விசுவாசத்தைக் கண்டார் என்று மாற்கு எழுதுகிறார் (மாற்கு 2). படுத்திருந்தவனின் விசுவாசத்தை மட்டுமல்ல, தூக்கியவர்களின் விசுவாசத்தையும்.

இந்த மண்ணில் அப்படித் தூக்கியவர் ஒருவர் நடந்திருக்கிறார். புனித யோசேவாஸ் அடிகளார் 1690இல் யாழ்ப்பாணத்திலிருந்து புத்தளத்துக்கு வந்து மறைப்பணி செய்தார். இங்கிருந்தே பின்னர் கண்டிக்குச் சென்றார். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது, வீட்டாரே கைவிட்ட நோயாளிகளைத் தேடிச் சென்று புண்களைக் கழுவினார், உணவூட்டினார், இறந்தவர்களை அடக்கம் செய்தார். சமயம் கேட்டுக் கவனிக்கவில்லை. கைவிடாமல் கூட இருந்தார்.

நம் நாளிலும் 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை இந்நாட்டின் எல்லா இனத்தவரும் கால்நடையாக நடந்து நிதி சேர்த்தார்கள். தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்காகவே அந்த நடை.

நான் சொன்ன பெண்ணின் கட்டிலைத் தூக்கியவர்களையும் குறிப்பிட வேண்டும். இரத்தம் கொடுக்கக் குடியேற்றத்திலிருந்து ஐந்து பேர் போனார்கள். அவர்களில் மூவர் 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு வந்த இஸ்லாமியக் குடும்பங்களின் பிள்ளைகள். அயலவர்கள் முறை வைத்து அவருடைய பாத்திக்குத் தண்ணீர் இறைத்தார்கள். மாதர் சங்கம் சுழற்சி நிதியிலிருந்து பஸ் செலவைக் கொடுத்தது. ஒரு சிங்கள ஆசிரியை கிளினிக்குக்குத் துணையாகப் போய் மொழிபெயர்த்தார். சத்திரசிகிச்சை நடந்தது. கதிர்வீச்சும் மருந்தும் தொடர்ந்தன. அடுத்த ஜூலையில் அவர் தலவிலவுக்கு வந்தார். நேர்த்தியைச் செலுத்தினார். இன்றும் கிளினிக் தவணை தவறாமல் போகிறார். புதிதாகக் கட்டி கண்ட பெண்கள் இப்போது என்னிடம் வருமுன் அவரிடமே போகிறார்கள். அவர் கேட்கும் முதல் கேள்விகள் இரண்டு: “எவ்வளவு காலமா இருக்கு? ஆருக்குக் காட்டினீங்கள்?”

கலந்துரையாடலுக்கு

1. நம் குடியேற்றத்தில் நோயை ஒளிக்க வைக்கும் காரணங்கள் எவை? வெட்கமா, பயமா, பணமா, நேர்த்தியா?

2. “கத்தி பட்டால் பரவும்” என்று சொல்கிறவருக்கு உங்கள் சொந்த வார்த்தையில் எப்படி விளக்குவீர்கள்?

3. எசேக்கியாவின் கதையில் செபமும் அத்திப்பழ அடையும் எப்படிச் சேர்ந்து வருகின்றன?

4. நம்மில் ஒருவர் சத்திரசிகிச்சைக்குப் போனால், அந்தக் கட்டிலைத் தூக்கும் நால்வர் யார்? தோட்டம், பிள்ளைகள், பணம், மொழி ஒவ்வொன்றுக்கும் ஒருவரைப் பெயரிடுங்கள்.

செயல்

அடுத்த கூட்டத்துக்கு முன் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சுகவனிதையர் கிளினிக் நடக்கும் நாளைக் கேட்டறிந்து, பெண்கள் ஒரு குழுவாகப் போய் வாருங்கள். ஆண்கள் கண்ணாடியின் முன் வாயைத் திறந்து பாருங்கள். ஆறாத புண் இருந்தால் அந்தக் கிழமையிலேயே பல் வைத்தியரிடமோ டாக்டரிடமோ காட்டுங்கள்.

செபம்

இரக்கமுள்ள தந்தையே, எங்கள் உடலை நீர் அறிவீர். நாங்கள் ஒளிக்கும் கட்டியையும் ஒளிக்கும் பயத்தையும் நீர் அறிவீர். காலத்தோடு எழுந்து போகத் துணிவு தாரும். கத்தி பிடிக்கும் கைகளுக்கு நிதானத்தையும், காத்திருக்கும் வீட்டாருக்குப் பொறுமையையும் தாரும். சுகம் தந்தால் நன்றியோடு உழைப்போம். தராவிட்டாலும் எங்களைத் தனியே விடாதேயும். ஒருவர் கட்டிலை மற்றவர் தூக்கும் மக்களாக எங்களை ஆக்கியருளும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக மன்றாடுகிறோம். ஆமென்.